நீலகிரியின் புல்வெளிகளும் பவானியின் ஜலமும்

பவானிசாகர் அணையிலிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் 2,07,000 ஏக்கர் பூமிக்குப் பாசனம் அளிப்பதற்காக வெட்டப்பட்டது. 1948-ஆம் வருஷம் தொடங்கி 1955-ஆம் வருஷம் முடிவடைந்த இவ்வேலையினால், ஆயக்கட்டில் பாதிக்கு ஆகஸ்டு முதல் டிசம்பர் வரையில் நன்செய்ப் பயிருக்கும், மற்றப் பாதிக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரையில் புன்செய்ப் பயிருக்கும் முறை வைத்து ஜலம் விடும் ஏற்பாடு உண்டாயிற்று. இவற்றுள் பின்முறைக் குடியானவர்களின் கவலை எப்போதும் பெரிது. ஆடியில் ஆறு கரைபுரண்டு ஓடினால் அணை நிறையும். ஆனால் மாசி, பங்குனி மாதங்களில், மழை ஒரு துளியும் இல்லாத காலத்தில், அணைக்கு வந்து சேரும் சிற்றோட்டம் எவ்வளவு என்பதைப் பொறுத்தே கடைசித் தண்ணீர் கிடைப்பதும் கிடையாமற் போவதும் அமைகின்றன.

அச்சிற்றோட்டம் எங்கிருந்து வருகிறது? பவானி ஆறு குந்தா மலைத்தொடரின் உச்சியில் பிறந்து, மேற்கே மலையாளப் பக்கம் இறங்கி, அட்டப்பாடி வழியாகத் திரும்பித் தமிழ்நாட்டிற்குள் வருகிறது. முக்குருத்திச் சிகரத்தின் அருகே பிறக்கும் பைக்காரா ஆறு, மலையின் வடபுறம் விழுந்து மோயாறு என்னும் பெயருடன் பள்ளத்தாக்கில் ஓடி, பவானிசாகரில் வந்து கலக்கிறது. குந்தா ஆறும் குன்னூர் ஆறும் தெற்கே இறங்கிச் சேர்கின்றன. ஆகவே, கோபிசெட்டிபாளையத்திலும் ஈரோட்டிலும் வயலுக்குப் பாயும் ஜலத்தில் பெரும்பகுதி நீலகிரி மேட்டு நிலத்தின் சொத்து. கோயமுத்தூர் நகரத்தாரின் குடிநீரில் ஒரு பகுதியும் இம்மலைநீர் வந்து தங்கும் பில்லூர் அணையிலிருந்தே எடுக்கப்படுகிறது. இம்மேட்டு நிலத்தின் தாவரங்களைப் பற்றியும், அவற்றால் ஆற்று ஓட்டத்திற்கு நேரும் ஏற்றத்தாழ்வைப் பற்றியும் நடைபெற்றுள்ள ஆராய்ச்சிகள் மலைவாசிகளுக்கு மட்டும் உரியவை அல்ல. சமவெளிக் குடியானவர்கள் அறிந்துகொள்ள வேண்டியவை.

மலையின் அமைப்பு

சமவெளியிலிருந்து மலையேறுகிறவர்கள், மேலே போகப் போக அடர்ந்த காடே இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. சுமார் 6,000 அடிக்கு மேற்பட்ட இடங்களில் காட்சி வேறு விதமானது. உருண்டு திரண்ட குன்றுகளின் முதுகெல்லாம் புல் போர்த்தியிருக்கும். குன்றுக்கும் குன்றுக்கும் இடையிலுள்ள மடிப்புகளில் மட்டும், காற்றுக்கு ஒதுங்கினாற்போல், குட்டையான மரங்கள் நெருங்கி வளர்ந்த காட்டுத் திட்டுக்கள் காணப்படும். இவையே சோலைகள். சோலையின் காலடியில் எப்போதும் ஈரம் கசியும் சதுப்பு. சதுப்பிலிருந்து ஒரு சிற்றோடை. புல், சோலை, சதுப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே இம்மலையின் ஜலக் களஞ்சியம். இவற்றுள் ஒன்றைப் பழுதாக்கினால் மற்ற இரண்டும் பழுதுபடும்.

மேற்கோரமாகிய குந்தாப் பகுதியில் தென்மேற்குப் பருவமழை கடுமையாகப் பெய்கிறது. 2019-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செண்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. சமவெளியில் பல ஊர்களுக்கு ஒரு வருஷம் முழுவதும் கிடைக்காத மழை அது. இவ்வளவு மழையைப் பெறும் மண் கரைந்தோடாமல் இருப்பதற்குக் காரணம், பின்னிப் பிணைந்த வேர்களையுடைய புற்றரையும், அதன் கீழே பல காலமாக மக்கிச் சேர்ந்த கறுத்த மண்ணுமாகும். இம்மண் பஞ்சுபோல் ஜலத்தை வாங்கிக் கொண்டு, மழை நின்றபின் சிறிது சிறிதாக விடுகிறது. தை மாதத்தில் உறைபனி விழும்போது புல் காய்ந்து பழுத்துப் போவதைக் கண்டு, பூமி வீணாகக் கிடக்கிறது என்று எண்ணுவோர் உண்டு. காய்ந்த புல் ஜலம் குடிப்பதில்லை என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. கோடையில் ஓடைக்கு ஜலம் மிஞ்சுவது புல்லின் இவ்வுறக்கத்தினாலேதான்.

புல்வெளி இயற்கையானதா, அல்லது மனிதர் காட்டை எரித்ததால் உண்டானதா என்பது நெடுங்காலம் விவாதத்திற்கு உரிய விஷயமாக இருந்தது. 1938-ஆம் வருஷத்தில் இந்தியன் பாரெஸ்டர் என்னும் வனவியல் சஞ்சிகையில் இவ்விஷயமாக இருவர் இரு வேறு அபிப்பிராயங்களை வெளியிட்டனர். போர் என்னும் தாவர நிபுணர், தீயினாலும் மேய்ச்சலினாலும் காடு அழிந்தே புல்வெளி தோன்றிற்று என்று கருதினார். சென்னை மாகாண வன இலாகாவைச் சேர்ந்த சி. ஆர். ரங்கநாதன், உறைபனியே காரணம் என்றார். சோலை மரங்கள் உஷ்ண தேசத்து இனங்கள். அவற்றின் நாற்றுக்கள் வெட்டவெளியில் விழும் உறைபனியைத் தாங்க மாட்டா. ஆதலால் பனி தங்காத மடிப்புகளில் சோலையும், பனி விழும் வெளிகளில் புல்லும் நிலைத்தன என்பது அவர் கொள்கை.

பின்னால் கிடைத்த சாட்சியம் பெரும்பாலும் புல்வெளியின் பழமைக்கே சாதகமாயிற்று. சதுப்புகளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ள மக்கு மண்ணைத் துளையிட்டு எடுத்து, அடுக்கடுக்காகப் பரிசோதித்தனர். செடிகொடிகள் காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொள்வதில் இரு வகை உண்டு. சோளம், கரும்பு, வெயிலுக்குரிய பல புல்வகைகள் ஆகியவை ஒரு வகை. நெல்லும் மரங்களும் மற்றொரு வகை. மக்கிய மண்ணிலுள்ள கரியைச் சோதித்தால், அது எவ்வகைத் தாவரத்திலிருந்து வந்தது என்று கூறிவிடலாம். 1993-ஆம் வருஷம் வெளியான இவ்வாராய்ச்சியின்படி, சுமார் 20,000 வருஷங்களுக்கு முன்பே நீலகிரியில் புல்வெளி இருந்தது. வறண்ட காலங்களில் புல் பரந்தும், மழை மிகுந்த காலங்களில் சோலை பரந்தும், இரண்டும் மாறி மாறி எல்லையை வகுத்துக் கொண்டன. மலைமேல் மனிதர் விட்டுச் சென்ற கல்வட்டங்களும் புதைகுழிகளும் அவ்வளவு பழமையானவை அல்ல. தோடர்கள் எருமை மேய்த்ததும் புல்லுக்குத் தீயிட்டதும் மெய்யே. ஆனால் புல்வெளியை உண்டாக்கியவர்கள் அவர்கள் அல்லர்.

கற்பூர மரமும் சீகை மரமும் வந்த வரலாறு

1819-ஆம் வருஷம் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறிப் பார்த்தபின், சில வருஷங்களுக்குள் உதகமண்டலம் வெள்ளைக்காரர்களின் இருப்பிடமாயிற்று. குளிருக்கு அடுப்பும் கணப்பும் வேண்டும். அதற்கு விறகு வேண்டும். அருகிலிருந்த சோலைகள் விரைவில் வெட்டப்பட்டன. சோலை மரம் மிக மெதுவாக வளர்வதால், வெட்டிய இடத்தில் மறுபடி விறகு கிடைக்கவில்லை. இந்நிலையில் 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் சீகை மரமும் கொண்டுவந்து வைக்கப்பட்டன. அவை பிறந்த தேசத்திலும் உறைபனி உண்டு; ஆகையால், சோலை மரங்களின் நாற்று நிற்காத புல்வெளியில் அவை நன்றாக வேரூன்றின. சர்க்கார் தோட்டங்கள் பரவின. இதனால் எஞ்சிய சோலைகள் கோடரிக்குத் தப்பின என்பதையும் மறுக்க இயலாது. அக்காலத்து அதிகாரிகள் விறகுப் பஞ்சத்திற்குப் பரிகாரம் தேடினர். ஆற்றின் கோடைக்கால ஓட்டத்தை அளந்து பார்க்க அவர்களிடம் கருவியும் இல்லை, கேள்வியும் எழவில்லை.

சுதந்திரத்திற்குப் பின் நிலைமை வேகம் பெற்றது. நூலிழைத் தொழிற்சாலைக்குக் கற்பூர மரமும், தோல் பதனிடுவதற்கு வேண்டிய பட்டைக்காகச் சீகை மரமும் ஐந்தாண்டுத் திட்டங்களின்கீழ் ஆயிரக்கணக்கான ஏக்கரில் வைக்கப்பட்டன. வெட்டவெளியாகக் கிடந்த புல்வெளியே இதற்குத் தோதான இடமாகத் தோன்றிற்று. மறுபுறம் தேயிலையும் உருளைக்கிழங்கும் புல்வெளியைத் தின்றன. பழனி மலையில் இதே கதை இன்னும் கடுமையாக நடந்தது. ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு 2018-ஆம் வருஷம் வெளியிடப்பட்ட ஆராய்ச்சி, நாற்பது வருஷத்திற்குள் அம்மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்ததைக் காட்டியது.

கற்பூர மரமாவது வைத்த இடத்தில் பெரும்பாலும் நிற்கும். சீகை மரம் அப்படியன்று. அதன் விதை கெட்டியான தோலுடையது. மண்ணுக்குள் ஐம்பது வருஷம் வரையிலும் முளைக்கும் சக்தியோடு கிடக்கும். தீப்பட்டால் தோல் வெடித்து, சாம்பலில் நாற்றங்கால் பாவினாற்போல் முளைக்கும். புல்வெளியில் ஒரு முறை தீப்பிடித்தால், அடுத்த மழைக்குப் பின் ஓராள் உயரம் சீகை நிற்பதை மலையூர்க் குடியானவர்கள் கண்டிருப்பார்கள். மஞ்சள் பூப்பூக்கும் ஸ்காட்ச் புரூம் என்னும் புதரும் இவ்வாறே பரவுகிறது. அழகுக்காகக் கொண்டுவந்த செடி அது.

கிளென்மார்கன் பரிசோதனை

மரம் வைத்தால் மழை பெருகும், ஊற்று சுரக்கும் என்று பள்ளிப் பிள்ளைகளும் கூறுவர். சமவெளியில் மொட்டையாகக் கிடக்கும் கரட்டு நிலத்தைப் பொறுத்தவரையில் அதில் உண்மை உண்டு. நீலகிரிப் புல்வெளியைப் பற்றி அது செல்லுமா என்பதைச் சொல்லிக்கொண்டிராமல் அளந்து பார்த்தவர்கள், 1954-ஆம் வருஷம் உதகமண்டலத்தில் ஏற்படுத்தப்பட்ட மண், ஜலப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார்.

அவர்கள் உதகைக்கு வடமேற்கே கிளென்மார்கன் என்னுமிடத்தில், அடுத்தடுத்துள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளைத் தெரிந்தெடுத்தனர். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 32 ஹெக்டேர், அதாவது சுமார் 80 ஏக்கர். இரண்டும் ஒரே விதமான சரிவும் மண்ணும் புல்லும் சோலையும் உள்ளவை. இரண்டின் வாயிலும் அளவை மதகு கட்டி, 1968 முதல் நான்கு வருஷம் ஒன்றையும் மாற்றாமல், எந்த மழைக்கு எவ்வளவு ஓட்டம் என்று கணக்கு எடுத்தனர். இரண்டுக்கும் உள்ள பொருத்தம் தெளிவானபின், 1972-ஆம் வருஷம் ஒன்றை அப்படியே விட்டு, மற்றதில் 59 சதவிகிதப் பரப்பில் கற்பூர மரம் வைத்தனர். பத்து வருஷத்திற்கு ஒரு முறை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்க விடுவது ஏற்பாடு. குடியானவர்கள் ஒரே பட்டத்தில் இரு பாத்திகள் போட்டு, ஒன்றுக்கு எருவிட்டு மற்றொன்றை வெறுமனே விட்டுப் பார்ப்பதற்கும் இதற்கும் முறையில் வித்தியாசமில்லை. பொறுமையில்தான் வித்தியாசம், இது இருபது வருஷத்துப் பாத்தி.

முதல் பத்து வருஷத்தில், மரம் வைத்த நீர்ப்பிடிப்பின் வருஷாந்தர ஓட்டம் சராசரியாக 16 சதவிகிதம் குறைந்தது. இது பரப்பு முழுவதிலும் 87 மில்லிமீட்டர் உயர ஜலத்திற்குச் சமம். நெல் வயலில் ஒரு தண்ணீர் என்பதை இரண்டு அங்குல ஆழம் என்று கொண்டால், ஏக்கர் ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டு தண்ணீர் மலையிலேயே செலவாயிற்று என்று அர்த்தம். மரங்களை வெட்டி மறுதழைப்பு விட்ட இரண்டாவது பத்து வருஷத்தில் குறைவு 25.4 சதவிகிதமாக உயர்ந்தது. இதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கரும்பில் மறுதாம்பு விடுகிறவர்களுக்கு, பழைய வேர் மண்ணுக்குள் ஆழப் பதிந்திருப்பதால் புதுத் தழை எவ்வளவு வேகமாகக் கிளம்பும் என்பது தெரியும். கற்பூர மரத்தின் மறுதழைப்பும், முன்பே இறங்கிவிட்ட வேரைக் கொண்டு, முதல் நாளிலிருந்தே ஆழத்து ஜலத்தை இழுக்கத் தொடங்குகிறது.

இவ்விரண்டு எண்களைக் காட்டிலும் பாசனக்காரர் மனத்தில் வைக்க வேண்டியது மூன்றாவது எண். வருஷம் முழுவதற்குமான குறைவு ஒரு புறமிருக்க, மழையில்லாத மாதங்களில் ஓடும் சிற்றோட்டம் முதற் பத்து வருஷத்தில் புல்வெளியில் உள்ளதில் பாதியாகக் குறைந்தது. இரண்டாவது பத்து வருஷத்தில் கால் பங்கைச் சற்றே மிஞ்சும் அளவுக்கு இறங்கிற்று. அதாவது, ஜலம் தேவையில்லாத காலத்தில் மரம் எடுத்துக் கொள்வது சொற்பம். தேவைப்படும் காலத்தில் எடுத்துக் கொள்வது அதிகம். புல் உறங்கும் மாதங்களில் கற்பூர மரம் விழித்திருந்து குடிக்கிறது.

பெருமழையின்போது திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளத்தின் உச்சத்தையும் மரங்கள் ஓரளவு தணித்தன என்பதும் இதே பரிசோதனையில் தெரிந்தது. அதையும் கணக்கில் சேர்ப்பதே நியாயம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. 80 ஏக்கரில் கண்ட 25 சதவிகிதத்தை எடுத்து, பவானி ஆறு முழுவதற்கும் ஒட்டவைத்துச் சிலர் பேசுவதுண்டு. அது பிசகு. நீர்ப்பிடிப்பு முழுவதிலும் கற்பூர மரம் இல்லை. 1932-இல் தொடங்கிய பைக்காரா மின்சாரத் திட்டமும், 1960-களில் உருவான குந்தாத் திட்டமும் பல அணைகளில் ஜலத்தைத் தேக்கி, மின்சாரத் தேவையை ஒட்டி விடுவதால், கீழே இயற்கையான ஓட்டம் இன்னதென்று பிரித்துக் கூறுவது எளிதன்று. மலையூர்களின் குடிநீர்ச் செலவும் காய்கறிச் சாகுபடியின் செலவும் வருஷந்தோறும் ஏறுகின்றன. ஆயினும், எந்தத் திசையில் தட்டு சாய்கிறது என்பதில் சந்தேகமில்லை. தென் ஆப்பிரிக்காவிலும் இதே சீகை மரங்கள் ஆற்று மூலங்களில் பரவி ஜலத்தைக் குறைத்ததால், அத்தேசத்துச் சர்க்கார் 1995-ஆம் வருஷம் முதல் ஏழைத் தொழிலாளர்களுக்குக் கூலி கொடுத்து அவற்றை அகற்றும் பெருந்திட்டம் ஒன்றை நடத்தலாயிற்று.

வரையாடும் குறிஞ்சியும்

புல்வெளி சுருங்கியதன் விளைவு ஜலத்தோடு நிற்கவில்லை. உலகில் மேற்குத்தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் வரையாடு, தமிழ்நாட்டின் மாநில விலங்கு. பாறைச் சரிவை அடுத்த புல்வெளி இதற்கு மேய்ச்சல். செங்குத்தான பாறை இதற்குக் கோட்டை. மரம் அடர்ந்த இடத்தில் புலி, சிறுத்தை வருவது தெரியாதாகையால், வரையாடு அங்கே தங்குவதில்லை. வேட்டையினால் இது மிகவும் குறைந்து போனதைக் கண்டு, 1877-ஆம் வருஷம் நீலகிரியில் ஒரு வேட்டைச் சங்கம் ஏற்பட்டது. 1879-ஆம் வருஷம் சென்னை சர்க்கார் வேட்டையைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று செய்தனர். வேட்டைக்காரர்களே வேட்டைக்கு வரம்பு கேட்டது விநோதமாயினும், அதனால் இவ்வினம் பிழைத்தது. 1969-இல் ஷாலர் என்னும் அமெரிக்க விஞ்ஞானி வந்து இதைப் பார்வையிட்டு எழுதினார். 1975-இல் தொடங்கி ஈ. ஆர். சி. டேவிதார் மலை மலையாக ஏறித் தலை எண்ணினார். அவர் நினைவாக அக்டோபர் 7-ஆம் தேதி வரையாட்டு தினமாக அநுஷ்டிக்கப்படுகிறது. தமிழ்நாடு அரசு 2022-ஆம் வருஷக் கடைசியில் இதற்கென்று ஒரு தனித் திட்டம் அறிவித்தது. 2024-ஆம் வருஷம் ஒரே சமயத்தில் பல இடங்களிலும் எடுத்த கணக்கில், தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் காணப்பட்டன.

குந்தாவின் மேற்கு விளிம்பிலுள்ள முக்குருத்தி, 1982-இல் சரணாலயமாகவும், 1990-இல் 78 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. அதற்கு முன்பே, 1986-இல், நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் தேசத்தில் முதலாவதாக ஏற்பட்டது. அதன் பரப்பு 5,520 சதுர கிலோமீட்டர், மூன்று மாநிலங்களைத் தழுவியது. பன்னிரண்டு வருஷத்திற்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்தது. குறிஞ்சி ஒரு முறை பூத்து விதை விழுந்தபின் செடி மடிந்துவிடும். விதை விழுந்த இடம் அப்பன்னிரண்டு வருஷத்திற்குள் உழவுக்கோ மரத்திற்கோ மாறிவிட்டால், அந்தச் சரிவில் அடுத்த பூப்பு இல்லை.

மரங்களை அகற்றும் முறை

அப்படியானால் அயல்மரங்களை ஒரேயடியாக வெட்டிவிட்டால் என்ன என்று கேட்கலாம். நீதிமன்றங்களிலும் இக்கேள்வி எழுந்தது. 2022-ஆம் வருஷம் தமிழ்நாடு அரசு அயல்தாவரங்களை அகற்றி நிலத்தைச் சீர்திருத்துவது பற்றிய கொள்கை ஒன்றையும் வெளியிட்டது. ஆனால் அனுபவத்தில் இது அவ்வளவு நேரான காரியமன்று. பட்டாநிலத்தில் களை எடுத்தவர்கள் இதை எளிதில் உணர்வார்கள்: களையைப் பிடுங்குவது பாதி வேலை, அவ்விடத்தில் பயிரை நிறுத்துவது மறுபாதி.

சீகைக் காட்டை வெட்டி, வெட்டிய தழையைக் கொளுத்தினால், மண்ணிலுள்ள விதைகள் யாவும் முளைத்து முன்னிலும் நெருக்கமான காடாகும். வெட்டிவிட்டு அப்படியே விட்டாலும் வெயில் பட்டு முளைக்கும். ஆகையால், வெட்டிய வருஷமும் அதன்பின் சில வருஷமும் மழைக்காலத்தில் நாற்றுக்களை வேரோடு கையால் பிடுங்க வேண்டும். மலையின் சொந்தப் புல்லைத் தூறு தூறாகப் பிரித்து நெல் நாற்றுப்போல் நடவேண்டும். நீலகிரியிலும் பழனியிலும் சில இடங்களில் இவ்வாறு செய்து புல் பிடித்திருக்கிறது. இதற்குக் கை அதிகம் வேண்டும், செலவும் உண்டு. எந்தச் சரிவுக்கு எந்தப் புல் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். கோயமுத்தூர் விவசாயக் கல்லூரியில் தாவர சாஸ்திரம் போதித்த ரங்காச்சாரியார் 1921-ஆம் வருஷம் வெளியிட்ட தென்னிந்தியப் புற்களைப் பற்றிய கைந்நூல் இன்றும் இதற்கு உதவும். புல்லை விவசாய இலாகாவினர் ஒருகாலத்தில் எவ்வளவு கருத்தாகக் கவனித்தனர் என்பதற்கும் அது அத்தாட்சி.

எல்லாச் சீகைக் காட்டையும் வெட்ட வேண்டுமா என்பதிலும் அறிந்தவர்களிடையே ஒருமித்த அபிப்பிராயமில்லை. பழனி மலையில் வட்டக்கானல் பக்கத்தில் பல வருஷம் பாடுபட்டவர்கள், வயதான சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை மரங்களின் நாற்றுக்கள் தாமாகவே கிளம்பியிருப்பதைக் காட்டி, அவ்விடங்களில் கோடரி வைக்கலாகாது என்றனர். பனியிலிருந்து காக்கும் கூரையாகச் சீகை அங்கே பயன்படுகிறது; சோலை தலையெடுத்தபின் அது தானே முதிர்ந்து விழும். சோலைக்கு அடுத்த ஈரமான மடிப்புகளில் இக்கொள்கை ஏற்கத்தக்கதே. திறந்த புல்வெளிக்குள் புதிதாகப் படையெடுக்கும் இளஞ்சீகையை இதே காரணம் கூறி விட்டுவைப்பதுதான் பிழை. முதலில் அகற்ற வேண்டியது அதையே. ஓராள் உயரத்திற்குள் இருக்கும்போது இருவர் ஒரு நாளில் பிடுங்கும் இடத்தை, ஐந்து வருஷம் கழித்துப் பத்துப்பேர் வெட்டியும் முடிக்க முடியாது.

செங்குத்தான சரிவில் ஒரே பருவத்தில் முழுவதையும் மொட்டையடிப்பது அபாயம். 2019-ஆம் வருஷத்து மழையில் அவலாஞ்சி, எமரால்டு பகுதிகளில் மண் சரிந்ததை நினைவில் வைத்து, சரிவின் குறுக்கே பட்டை பட்டையாக விட்டு, ஒரு பட்டையில் புல் பிடித்தபின் அடுத்ததை வெட்டுவதே விவேகம்.

மலையூர்களில் நிலமுள்ளவர்கள் சர்க்கார் வேலையை எதிர்பாராமலே செய்யக்கூடியவை சில உண்டு. தேயிலைத் தோட்டத்தின் தாழ்ந்த மூலையிலுள்ள சதுப்பை வடிகால் வெட்டி உலர்த்திக் கிழங்கு போடுவதால் கிடைக்கும் மகசூல் சில வருஷத்தோடு சரி; அந்தச் சதுப்பு அழிந்தால் கீழே உள்ள ஊற்று வற்றும், பெரும்பாலும் அதே குடியானவரின் பயிர்தான் முதலில் வாடும். ஓடைக்கரையில் நிற்கும் கற்பூர மரங்களை வெட்டும்போது மறுதழைப்பு விடாமல், அடிக்கட்டையின் பட்டையை உரித்துவிடுவது நல்லது. வேலிக்கென்று வைத்த சீகையில் காய் முற்றுவதற்கு முன் கிளைகளைக் கழிக்க வேண்டும். கோடையில் இளம்புல் வரும் என்று தீயிடும் வழக்கம், சீகை இல்லாத காலத்தில் அவ்வளவு தீங்கு செய்யவில்லை. சீகை விதை மண்ணில் கிடக்கும் இக்காலத்தில் அது விதைப்பு வேலையாகவே முடியும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. கணக்குகளில் பல இடங்களில் மலைப்புல்வெளி தரிசு என்றே பதிவாகியிருக்கிறது. தரிசு என்று எழுதப்பட்ட நிலத்தில், மரம் நடும் விழாக்களுக்கு இடம் கேட்டு வருகிறவர்கள் முதலில் கைவைப்பார்கள். கட்டடத்திற்கு இடம் தேடுகிறவர்களும் அவ்வாறே. அவர்களுக்குப் பதில் எழுதுமுன், அந்தப் புலத்தில் நிற்பது புல்லா, அடியில் சதுப்பு உண்டா, அதிலிருந்து ஓடை ஏதேனும் இறங்குகிறதா என்று கோடையில் ஒரு முறை நேரில் போய்ப் பார்த்து, கண்டதைக் கணக்கின் குறிப்புக் கலத்தில் எழுதி வைக்கலாம். மழைக்காலத்தில் எல்லா மடிப்பிலும் ஜலம் ஓடும். பங்குனியில் எதில் ஓடுகிறது என்பதே கேள்வி.